குரங்கு எங்கே விட்டாலும் பிழைச்சுக்குமா? சிதறால் பாறையிலிருந்து தெரியும் வேறு கணக்கு

கன்னியாகுமரி மாவட்டம் சிதறால் மலைக்கோவிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். கல் பாவிய பாதையில் மூச்சு வாங்க ஏறினால் 9-ம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், குகைக்கோயில், பக்கத்திலேயே ஒரு சுனை. உச்சிப் பாறையில் நின்றால் சுற்றிலும் தென்னையும் ரப்பரும். வடகிழக்கே திரும்பினால் நீலம் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை.

அந்த ஒரே பார்வைக்குள் மூன்று வகைக் குரங்குகளின் வீடு அடங்கிவிடுகிறது. கீழே பாறை, தோப்பு, கோயில், சாலையோரம் என எல்லாமே நாட்டுக் குரங்கின் ராஜ்ஜியம். தூரத்து மலையின் மழைக்காட்டில் கருமந்தியும் சிங்கவால் குரங்கும் இருக்கின்றன. இடைப்பட்ட தூரம், நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர்கூட வராது.

நாட்டுக் குரங்கு இப்போது சட்டப் பேச்சிலும் அடிபடுகிறது. சிதறாலுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் கேரள எல்லை. அங்கே தென்னை, வாழை, காய்கறி என எதையும் குரங்கு விட்டுவைப்பதில்லை என்று விவசாயிகள் கொதித்துப்போயிருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் நாட்டுக் குரங்கை இரண்டாம் அட்டவணைக்கு மாற்ற வேண்டும் என்று கேரள அரசு 2025-ல் வலியுறுத்தியது. "எங்க விட்டாலும் பிழைச்சுக்கிற ஜீவன், அதுக்கு எதுக்கு இவ்வளவு பாதுகாப்பு?" என்ற கேள்வி எல்லைக்கு இந்தப் பக்கமும் டீக்கடைகளில் கேட்கக்கூடியதுதான்.

கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனா, குரங்கு உண்மையிலேயே எங்கே விட்டாலும் பிழைச்சுக்குமா? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரே மாவட்டம், ரெண்டு மூணு காலநிலை

குமரி மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்யும். அதிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம். விளவங்கோடு, குலசேகரம் பக்கம் எப்போதும் ஈரம். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றும் அளவுக்குக் காற்று, வறட்சி, முள்காடு. மேலே கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கம் போனால் மேகம் தரையில் நடமாடும். அதையொட்டி மலையின் திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் காக்காச்சியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை.

இந்த வித்தியாசத்தை மேப் இல்லாமலே குரங்குகளை வைத்துச் சொல்லிவிடலாம். மலைக்கு அந்தப் பக்கம் முண்டந்துறையின் காய்ந்த இலையுதிர் காட்டில் சாம்பல் மந்தி, அதாவது 'அனுமன் குரங்கு'. உயரே ஈரக்காட்டில் கருமந்தி. பசுமை மாறாத அடர்காட்டின் உச்சிக் கிளைகளில் சிங்கவால் குரங்கு. நாட்டுக் குரங்கு மட்டும் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும். இந்த நான்கோடு இரவில் நடமாடும் தேவாங்கையும் சேர்த்தால், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் மட்டும் 5 வகை.

நம்ம முன்னோர்கள் இதைச் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. தொல்காப்பிய மரபியலிலேயே குரங்கு, முசு, ஊகம் என்று தனித்தனியாகப் பெயர் இருக்கிறது. நாம்தான் எல்லாத்தையும் 'குரங்கு' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு குரங்கு டீக்கடைக் கூரையில் பிழைப்பதைப் பார்த்துவிட்டு, எல்லாக் குரங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வால் நீளத்தில் இருக்கு விஷயம்

முதலில் உடம்பு. நாட்டுக் குரங்கின் வாலைக் கவனித்திருக்கிறீர்களா? சராசரியாக அரை மீட்டருக்குப் பக்கம் வரும், சிலவற்றுக்கு அதையும் தாண்டும். கிளையில் சமநிலைக்கு உதவும் இந்த வால், வெப்பத்தை வெளியேற்றவும் இடம் கொடுக்கிறது. இதே மக்காக் இனத்தைச் சேர்ந்த ஜப்பான் பனிக்குரங்கின் வால் வெறும் 10 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான். பனியில் நீளமான வால் வைத்திருந்தால் உடம்புச் சூடு அதன் வழியாகவே வீணாகும், விறைத்தும் போகும்.

எடையும் அப்படித்தான். நாட்டுக் குரங்கின் கடுவன் 6, 7 கிலோ இருக்கும். ஜப்பான் கடுவன் 11 கிலோ சுமார். குளிர்ப் பகுதிகளில் உடல் பெருப்பதையும், வால், காது போன்ற உறுப்புகள் சிறுப்பதையும் 19-ம் நூற்றாண்டிலேயே பெர்க்மன், ஆலன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கவனித்துச் சொன்னார்கள். எல்லா விலங்குக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. மக்காக் குடும்பத்தில் பெரும்பாலும் பொருந்துகிறது.

இலங்கையில் இது இன்னும் பக்கத்தில் தெரியும். அங்குள்ள செங்குரங்கு, நம் நாட்டுக் குரங்கின் நெருங்கிய சொந்தம். வறண்ட சமவெளியில் ஒரு கிளையினம், தாழ்நில ஈரக்காட்டில் ஒன்று, நுவரெலியா பக்கத்து மலைகளில் இன்னொன்று. மலைக்கிளைக்கு முடி நீளமாக இருக்கும். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் இருக்கும் ஊதாமுக மந்தியோ உடம்பெல்லாம் சடைசடையாக முடி வளர்ந்து கரடி மாதிரியே தெரியும். 'கரடிக் குரங்கு' என்றே அதற்கு ஒரு பேர்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இப்படி வால் குறைவதும் முடி நீள்வதும் ஆயிரக்கணக்கான தலைமுறைகள் பிடிக்கும் வேலை. 30, 40 வருஷத்தில் வெயில் ஏறினால் உடம்பு அதற்கு ஈடுகொடுத்து மாறாது. மனிதர்களைப் போல உடம்பு முழுக்க வியர்த்துக் கொட்டிக் குளிர்ச்சி பெறும் வசதியும் குரங்குக்குக் குறைவு.

அப்போ வெயிலை எப்படிச் சமாளிக்கிறது?

பழக்கத்தால். குரங்கின் பெரிய ஆயுதம் அதுதான்.

காலையிலும் சாயங்காலமும் தீனி தேடும். உச்சிவேளையில் நிழல் பார்த்துக் கை காலைப் பரப்பிப் படுத்துவிடும். கிடைத்ததை மெல்லாமல் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு, வெயிலில் நிற்காமல் நிழலுக்கு வந்து சாவகாசமாகத் தின்னும். நாட்டுக் குரங்குக்கு நீச்சலும் வரும், குளத்தில் குதித்து ஆடும். இரவில் உயரமான மரம், செங்குத்துப் பாறை, கோபுரம் என்று சிறுத்தை எட்டாத இடமாகப் பார்த்துத் தூங்கும். சிதறால் மாதிரி பாறையும் மரமும் சுனையும் சேர்ந்த குன்று என்றால், ஒரு கூட்டத்துக்கு வேண்டிய முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது.

குட்டி போடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஐந்தரை மாதம் சுமந்து, பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஈனும். குட்டி பால் குடிக்கும் மாதங்களில்தான் கோடை மழையும் பின்னாலேயே பருவமழையும் வந்து தளிரும் பூச்சியும் பழமும் பெருகும். மழை முறை தவறினால் இந்தக் கணக்கும் தவறலாம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதிகம் பேசப்படாதது: கூட்டம். நாட்டுக் குரங்குகள் உடம்போடு உடம்பு ஒட்டி உட்காருவதில் பேர்போனவை. இது வெறும் பாசம் மட்டுமில்லை. மொராக்கோவின் அட்லஸ் மலையில் 2008-09 குளிர்காலம் கடுமையாக இருந்தது. ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்த 47 பார்பரி குரங்குகளில் 30 செத்துப்போயின. பிழைத்தவை எவை என்று பார்த்தால், கூட்டத்துக்குள் அதிகமான கூட்டாளிகள் இருந்தவைக்குத்தான் வாய்ப்பு அதிகமாக இருந்தது. குளிரில் சேர்ந்து அணைத்து உட்கார ஆள் இருந்தது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

புயலுக்குப் பிறகு நிழலைப் பங்கு போட்ட குரங்குகள்

2017 நவம்பர் 30-ஐ குமரி மாவட்டம் மறக்காது. ஒக்கி புயல். கடலுக்குப் போன மீனவர்கள் திரும்பவில்லை. கரையில் ரப்பரும் வாழையும் பெருமரங்களும் வேரோடு சாய்ந்தன. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 20-ம் தேதி, பூமியின் மறுபக்கம் போர்ட்டோ ரிக்கோவை மரியா புயல் அடித்துப் போட்டது. அந்தக் கரையோரம் காயோ சாந்தியாகோ என்று ஒரு சின்னத் தீவு. அங்கே இருப்பதெல்லாம் 1938-ல் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோன சுமார் 400 செம்முகக் குரங்குகளின் வாரிசுகள். வட இந்தியாவில் நாம் பார்க்கும் அதே இனம்தான்.

புயல் தீவின் பசுமையில் 60 சதவீதத்துக்கு மேல் அழித்தது. பிழைத்த குரங்குகளுக்கு அடுத்த எதிரி வெயில். மரம் இல்லாத தரையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. செம்முகக் குரங்கு சண்டைக்குப் பேர்போனது, இருக்கிற கொஞ்ச நிழலுக்கு அடித்துக்கொள்ளும் என்றுதான் எதிர்பார்க்கத் தோன்றும். நடந்தது நேர்மாறு. ஒன்றையொன்று சகித்துக்கொண்டு, மிச்சமிருந்த நிழலில் நெருங்கி உட்காரக் கற்றுக்கொண்டன. அப்படிச் சகித்துக்கொண்டவைதான் அதிகம் உயிர் தப்பின. 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனா அதே 2024 மே மாதம் மெக்சிகோவில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தபாஸ்கோ, சியாபாஸ் மாநிலங்களில் கடும் வெப்ப அலை. மரத்திலிருந்து ஊளைக் குரங்குகள் பழம் உதிர்வதுபோல் விழுந்து செத்தன. நூற்றுக்கும் மேல். இவை வெப்ப மண்டலத்திலேயே பிறந்து வளர்ந்தவை, வெயில் புதிதல்ல. இறங்கி வேறு இடம் போக முடியாத துண்டுக் காடு, வறட்சி, தாங்க முடியாத வெப்பம் மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது பழக்கம் கைகொடுக்கவில்லை.

ஜப்பான் குரங்கு வெந்நீரில் குளிப்பது ஏன்?

மொபைலில் எல்லோரும் பார்த்த வீடியோ. சுற்றிலும் பனி, நடுவே ஆவி பறக்கும் வெந்நீர், அதில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் சிவந்த முகக் குரங்கு. இடம் ஜிகோகுதானி. பலர் நினைப்பதுபோல் இது ஆதிகாலப் பழக்கம் இல்லை. 1963-ல் ஒரு குட்டிப் பெண் குரங்கு அங்கிருந்த விடுதியின் திறந்தவெளிக் குளியல் தொட்டிக்குள் இறங்கியது. மற்றவை பார்த்துக் கற்றுக்கொண்டன. குளிர்காலத்தில் இப்படிக் குளிக்கும் பெண் குரங்குகளின் உடலில் மன அழுத்த ஹார்மோன் அளவு குறைவதை கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் சொன்னார்கள். வெந்நீர் கிடைக்காத மற்ற ஜப்பான் குரங்குகள் இலையுதிர் காலத்தில் தின்று கொழுத்து, பனிக்காலம் முழுக்க மரப்பட்டையையும் மொட்டையும் கடித்து ஓட்டுகின்றன.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. குரங்கின் புதுப் பழக்கம் பல நேரம் மனிதன் வைத்த தொட்டியில்தான் பிறக்கிறது. நம்மூரிலும் அதே கதை, தொட்டிக்குப் பதில் பிஸ்கட் பாக்கெட். பந்திப்பூரில் நாட்டுக் குரங்குகளைக் கவனித்த பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தினர், அவை சுற்றுலாப் பயணிகளிடம் கை நீட்டியும் ஒரு தனிக் குரல் எழுப்பியும் தீனி கேட்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குரலைக் காட்டில் தங்களுக்குள் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துபவை அவை. ஆளைப் பார்த்து, ஆள் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனித்து, பிறகுதான் கேட்கின்றன. பழம், தளிர், பூச்சி தேட நாளில் பாதி போகும் ஜீவனுக்கு, ஒரு பாக்கெட் சிப்ஸ் எவ்வளவு பெரிய லாபம்! தப்பு குரங்கு மேல் என்று சொல்ல மனசு வரவில்லை.

கோயில் மலையில் ருசி கண்டது, மலையடிவாரத்து விளைகளில் மட்டிப்பழக் குலையையும் சக்கையையும் மரச்சீனியையும் தேடி இறங்காதா என்ன? வெளியிலிருந்து பார்த்தால் குமரி மேற்கு முழுக்கப் பச்சைதான். ஆனா ரப்பர் தோட்டத்துப் பச்சையில் குரங்குக்குப் பெரிதாகத் தீனி கிடையாது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும்போது நிழலும் போய்விடும். மிச்சம் இருப்பது மனிதர் நட்ட வாழையும் தென்னையும். நஷ்டப்படும் விவசாயியின் கோபத்திலும் பொய் இல்லை.

'எங்கும் இருக்கு' என்பது உண்மையா?

இங்கேதான் அந்த டீக்கடைக் கேள்விக்குத் திரும்ப வேண்டும். நாட்டுக் குரங்கு உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும் வாழும் இனம். அதிலும் வயிறு வெளுத்த தென்கோடிக் கிளையினம் தமிழ்நாட்டின் தெற்கிலும் தென் கேரளத்திலும் மட்டும். வடக்கே கோதாவரிப் பக்கம் செம்முகக் குரங்கு தெற்கு நோக்கி நகர்ந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டே வருகிறது.

எண்ணிக்கை? மைசூரு சுற்றுவட்டாரச் சாலைகளில் வாழும் நாட்டுக் குரங்குகளை 25 ஆண்டுகளாகக் கணக்கெடுத்து 2017-ல் வெளியான ஆய்வு, 65 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. முக்கியமான காரணங்களில் ஒன்று, சாலையோர ஆலமரங்கள் வெட்டப்பட்டது. நிழல், தூங்கும் இடம், பழம் மூன்றும் ஒரே வெட்டில் போயிற்று. கோயிலிலும் சுற்றுலா இடத்திலும் கூட்டமாகத் தெரிவதால் பெருகிவிட்டது போல இருக்கிறது. தீனி கிடைக்கும் நாலு இடத்தில் குவிந்திருக்கிறது, அவ்வளவுதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முன்பு இதைக் 'கவலை இல்லை' பட்டியலில் வைத்திருந்தது. இப்போது 'அழியக்கூடிய நிலை'.

சட்டம் என்ன சொல்கிறது? 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தபோது நாட்டுக் குரங்கு இரண்டாம் அட்டவணையிலிருந்து முதல் அட்டவணைக்குப் போனது. செம்முகக் குரங்கு பட்டியலை விட்டே வெளியேறியது. முதல் அட்டவணையில் உள்ள விலங்கைக் கொல்ல அனுமதி வேண்டுமானால் அது மனித உயிருக்கு ஆபத்தாகவோ, மீள முடியாத நோயிலோ காயத்திலோ இருக்க வேண்டும். பயிர்ச் சேதம் போதாது. இரண்டாம் அட்டவணை என்றால் சொத்து, பயிர்ச் சேதமும் காரணமாகலாம். கேரளம் கேட்பதன் சாரம் இதுதான்.

மேலே போக மலை இல்லை

நாட்டுக் குரங்கு பற்றிய சண்டையில் ஒரு பேச்சும் இல்லாமல் விடுபடுவது மலைமேல் இருக்கும் இரண்டும்தான். அவை யார் தோட்டத்துக்கும் வராததால் செய்தியிலும் வருவதில்லை.

கருமந்திக்கு இலைதான் பிரதானச் சாப்பாடு. பல அறைகள் கொண்ட வயிற்றில் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும். லேகியத்துக்காக வேட்டையாடியே ஒரு காலத்தில் அதைப் பாதி ஒழித்தார்கள், முதல் அட்டவணைதான் காப்பாற்றியது. சிங்கவால் குரங்கின் நிலைமை அதைவிட இறுக்கம். அடர்ந்த காட்டில் அது தரைக்கு இறங்குவதே அபூர்வம். கிளையோடு கிளை தொட வேண்டும். இந்த அகத்தியமலை வட்டாரத்தில் அதன் முக்கிய உணவு வெடிப்பலா மரம். பழம் மட்டுமில்லை, பூவையும் தின்னும். அந்த மரம் எல்லா வருஷமும் ஒரே மாதிரி பூத்துக் காய்ப்பதும் இல்லை.

பூமி சூடாகும்போது குளிர்ச்சி தேடி உயரே நகர்வது பல உயிரினங்களின் வழி. இமயமலையின் சாம்பல் மந்தி 4,000 மீட்டர் வரை ஏறும், சீனாவின் யுன்னான் மலைகளில் சப்பைமூக்குக் குரங்கு 4,500 மீட்டர் உயரத்தில்கூட மரப்பாசியைத் தின்று வாழ்கிறது. நம் தெற்குமலையில் அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். மகேந்திரகிரி 1,654. அதற்கு மேல் வானம். தெற்கே போகலாம் என்றால் மலையே நாஞ்சில் நாட்டில் முடிந்து, வயல், ஊர், கடல். சிங்கவால் குரங்கு, கருமந்தி இரண்டுக்குமே உலக வரைபடத்தில் இதுதான் தென்கோடி.

'அதுவும் பழகிடும்' என்பவர்களுக்கு வால்பாறையைக் காட்டலாம். புதுத்தோட்டம் எஸ்டேட்டில் தேயிலைக்கு நடுவே சிக்கிய துண்டுக் காட்டில் சிங்கவால் குரங்குக் கூட்டம் இருக்கிறது. உச்சிக்கிளை விட்டு இறங்காத இனம், அங்கே தரையில் நடக்கிறது, கூரையைப் பிரிக்கிறது, அடுப்படிக்குள் வருகிறது. சாலையில் வண்டியில் அடிபட்டும் சாகிறது. இதற்காகவே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், குரங்குகளும் அதில் போய் வருகின்றன. பழகியது உண்மை. அதற்கு அது கொடுத்த விலையும் உண்மை. கோதையாறு பக்கத்துக் காடு இன்னும் அப்படித் துண்டாகவில்லை என்பதுதான் குமரி, நெல்லை மலைகளின் அதிர்ஷ்டம்.

மலைக்கோவிலுக்கோ குரங்கு இருக்கும் வேறு சுற்றுலா இடத்துக்கோ போகிறீர்களா?

தின்பண்டத்தைக் கையில் பிடிக்காமல், பாலிதீன் கவரில் தொங்கவிடாமல், ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள். கவர் சத்தம் கேட்டாலே தீனி என்று அதற்குத் தெரியும். குரங்கின் கண்ணையே உற்றுப் பார்ப்பது அதன் பாஷையில் சண்டைக்கு அழைப்பு. குட்டியோடு இருக்கும் மந்தி பக்கம் செல்ஃபிக்காக நெருங்க வேண்டாம். பையைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுபறி செய்தால் கடி நிச்சயம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்ப வேண்டாம்.